மாத்திரையே தொடாத அம்மாவுக்கு ரிப்போர்ட்டில் எல்லாம் 'ஆர்'. எப்படி?

பாபநாசம்பஸ் | அம்பாசமுத்திரம் | சனி, இரவு 8:40

அம்மாவுக்கு 68 வயது. சிறுநீர் போகும்போது எரிகிறது என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்புறம் குளிர்காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. பக்கத்து கிளினிக்கில் கொடுத்த மாத்திரைக்கு மசியவில்லை. டவுனுக்குக் கூட்டிப்போய் யூரின் கல்ச்சர் எடுத்தோம். இன்றைக்குத்தான் ரிப்போர்ட் கைக்கு வந்தது.

ஈ.கோலை கிருமி என்று மேலே போட்டிருக்கிறது. கீழே மருந்துப் பட்டியல். ஆம்பிசிலின், சிப்ரோஃப்ளாக்சசின், செஃபிக்சிம், செஃப்ட்ரியாக்சோன் எல்லாவற்றுக்கும் எதிரே 'ஆர்', அதாவது மருந்து கேட்காது. நைட்ரோஃபுரன்டாயின், ஃபாஸ்ஃபோமைசின், அமிகாசின், மெரோபெனம் என்று நாலைந்துக்கு மட்டும் 'எஸ்', கேட்கும். அடியில் 'ஈஎஸ்பிஎல் பாசிட்டிவ்' என்று ஒரு வரி. டாக்டர் பார்த்ததும் அட்மிட் போட்டு ஊசி ஆரம்பித்துவிட்டார்.

என் கேள்வி வேறு. அம்மா மாத்திரை என்றாலே காத தூரம் ஓடுகிறவர். தலைவலிக்குச் சுக்குப் பற்று, சளிக்குக் கஷாயம், அவ்வளவுதான். கடைசியாக எப்போது ஆன்டிபயாடிக் சாப்பிட்டார் என்று வீட்டில் யாருக்கும் ஞாபகம் இல்லை. அப்படிப்பட்டவர் உடம்பு இத்தனை மருந்துக்கும் எப்படிப் பழகிப்போனது?

மூலிகைத்தோட்டம் | சனி, இரவு 8:52

வாழைத்தண்டுச் சாறும் சீரகத் தண்ணீரும் கொடுங்கள் தம்பி. இங்கிலீஷ் மருந்தே வேண்டாம்.

ராத்திரி டூட்டி | மதுரை | சனி, இரவு 9:05

வாழைத்தண்டு தாராளமாகச் சாப்பிடட்டும் ஐயா, ஊசியை மட்டும் நிறுத்தச் சொல்லாதீர்கள். எரிச்சலோடு குளிர்காய்ச்சலும் வந்தால் கிருமி சிறுநீரகம் வரை ஏறியிருக்க வாய்ப்பு அதிகம். அங்கிருந்து ரத்தத்தில் கலந்தால் கதை வேறு.

'நைட்ரோஃபுரன்டாயின் எஸ் என்று இருக்கிறதே, மாத்திரையிலேயே முடித்திருக்கலாமே' என்று அடுத்து யாராவது கேட்பார்கள். அந்த மருந்து சிறுநீர்ப்பையில் நன்றாகச் சேரும், சிறுநீரகத் திசுவிலும் ரத்தத்திலும் போதுமான அளவு சேராது. காய்ச்சல் இல்லாமல் எரிச்சல் மட்டும் இருந்திருந்தால் அதுவே போதும்.

நுண்ணோக்கி | கோயம்புத்தூர் | சனி, இரவு 10:18

தம்பி, பழகியது அம்மாவின் உடம்பு இல்லை, கிருமி. இந்தக் குழப்பம் நன்றாகப் படித்தவர்களுக்கும் இருக்கிறது. அவர் குடலில் வந்து குடியேறி, அங்கிருந்து சிறுநீர்ப் பாதைக்குப் போன ஈ.கோலைக்கு அந்த மருந்துகளை உடைக்கத் தெரிந்திருக்கிறது.

நான் ஒரு ஆஸ்பத்திரி மைக்ரோபயாலஜி லேபில் வேலை பார்க்கிறேன். அந்த 'ஆர்' எங்கிருந்து வருகிறது என்று சொல்கிறேன். சிறுநீரிலிருந்து வளர்த்தெடுத்த கிருமியை உப்புத்தண்ணீரில் கலக்கி, அகார் ஊற்றிய தட்டில் பஞ்சுக் குச்சியால் சீராகத் தேய்ப்போம். மேலே மருந்து தோய்த்த காகித வட்டுகளை வைப்போம். ஒவ்வொன்றும் 6 மில்லிமீட்டர்தான் இருக்கும். இரவு முழுக்க இன்குபேட்டரில் கிடக்கும். காலையில் எடுத்துப் பார்த்தால், மருந்து வேலை செய்த வட்டைச் சுற்றிக் கிருமி முளைக்காத ஒரு தெளிவான வளையம் இருக்கும். அதை ஸ்கேல் வைத்து அளப்போம். வளையம் குறித்த அளவைவிடச் சிறியதாக இருந்தாலோ, வளையமே இல்லாமல் வட்டின் ஓரம் வரை கிருமி முளைத்திருந்தாலோ 'ஆர்'. ஈஎஸ்பிஎல்லுக்குத் தனிச் சோதனை: செஃப்டசிடிம் வட்டு ஒன்று, கிளாவுலானிக் அமிலம் சேர்த்த செஃப்டசிடிம் வட்டு இன்னொன்று. இரண்டாவதில் வளையம் 5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ பெரிதானால் பாசிட்டிவ். செஃபிக்சிம், செஃப்ட்ரியாக்சோன் போன்ற செஃபலோஸ்போரின் மருந்துகளை வெட்டிப்போடும் நொதி (அதன் பெயர்தான் ஈஎஸ்பிஎல்) கிருமியிடம் இருக்கிறது, கிளாவுலானிக் அமிலம் அந்த நொதியை முடக்கியதும் மருந்துக்கு உயிர் வருகிறது என்று பொருள்.

நொதிக்கான மரபணு பெரும்பாலும் பிளாஸ்மிட் என்ற சின்ன டிஎன்ஏ வளையத்தில் இருக்கும். பரீட்சை ஹாலில் பிட் கைமாறுவது போல ஒரு கிருமி பக்கத்துக் கிருமிக்கு ஒரு பிரதி எடுத்துக் கொடுத்துவிடும். பக்கத்தில் இருப்பது வேற்று இனக் கிருமி என்றாலும் கொடுக்கும். ஒரே பிளாஸ்மிடில் நாலைந்து மருந்துக்கான எதிர்ப்பு சேர்ந்தே பயணம் செய்யும். உங்கள் ரிப்போர்ட்டில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மருந்துகளுக்கு எதிரேயும் வரிசையாக 'ஆர்' விழக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

சரி, அம்மாவுக்கு எப்படி வந்தது? தண்ணீர், சாப்பாடு, கை, ஆஸ்பத்திரிக் கட்டில், எதுவாகவும் இருக்கலாம். நெதர்லாந்தில் சுமார் 2,000 பயணிகளைப் புறப்படும் முன்பும் திரும்பிய பின்பும் சோதித்தார்கள். ஆய்வு 2017ல் வெளிவந்தது. தெற்காசியாவுக்கு வந்துபோனவர்களில் நாலில் மூன்று பேர் ஈஎஸ்பிஎல் கிருமியைக் குடலில் புதிதாகச் சுமந்துகொண்டு ஊர் திரும்பியிருந்தார்கள். பெரும்பாலானவர்களுக்கு எந்த நோயும் இல்லை. சில வாரம் வந்துபோனவர்களுக்கே இந்த நிலை என்றால், 68 வருஷம் இங்கேயே தண்ணீர் குடித்தவரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

பாபநாசம்பஸ் | சனி, இரவு 10:31

அக்கா, அப்படியானால் என் குடலிலும் இருக்குமா?

நுண்ணோக்கி | சனி, இரவு 10:40

இருக்க வாய்ப்பு உண்டு. என் குடலிலும்தான். நோய் இல்லாதவரை அதற்காக மருந்து சாப்பிடக் கூடாது, சோதனையும் தேவையில்லை.

ராத்திரி டூட்டி | சனி, இரவு 10:55

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். வயதானவர்களுக்கு, சர்க்கரை உள்ளவர்களுக்கு, 'சும்மா ஒரு மாஸ்டர் செக்கப்' என்று யூரின் கல்ச்சர் எடுக்கிறார்கள். எரிச்சல் இல்லை, காய்ச்சல் இல்லை, ஆனால் ரிப்போர்ட்டில் கிருமி வரும். உடனே ஒரு வாரத்துக்கு மருந்து. கர்ப்பிணிகள், சிறுநீர்ப் பாதையில் அறுவை செய்துகொள்ளப் போகிறவர்கள் தவிர மற்றவர்களுக்குத் தொந்தரவு இல்லாமல் கிருமி மட்டும் தெரிந்தால் மருந்து தேவையில்லை. பேப்பரில் இருக்கும் கிருமிக்கு வைத்தியம் பார்ப்பதை எங்கள் ஆட்கள் முதலில் நிறுத்த வேண்டும்.

சந்தேகப்பிராணி | ஞாயிறு, காலை 7:12

எல்லாம் சரி, இதில் யார் பிழைப்பு நடக்கிறது என்று பார்த்தீர்களா? 2010ல் ஒரு 'சூப்பர்பக்'கைக் கண்டுபிடித்து அதற்கு நம் தலைநகரத்தின் பெயரையே வைத்தார்கள். சென்னைக்கும் டெல்லிக்கும் ஆபரேஷனுக்கு வெள்ளைக்காரர்கள் வருவதைத் தடுக்க வேறு வழி தெரியவில்லை. புது மருந்து விற்கிற கம்பெனிகளின் கூத்து இது.

நுண்ணோக்கி | ஞாயிறு, காலை 9:30

பெயர் வைத்த விதத்தில் எனக்கும் வருத்தம் உண்டு. ஆனால் சதி என்றால் அதில் நம்மூர்க்காரர்களையும் சேர்க்க வேண்டியிருக்கும். டெல்லியில் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு ஸ்வீடன் திரும்பிய இந்திய வம்சாவளி நோயாளி ஒருவரிடம் 2008ல் அந்தக் கிருமி கிடைத்தது. க்ளெப்சியெல்லா இனம். கடைசிக் கையிருப்பாக வைத்திருந்த கார்பாபெனம் மருந்துகளையே உடைக்கும் நொதி அதில் இருந்தது. அதுதான் என்டிஎம்-1, 'என்டி' என்றால் நியூ டெல்லி. நீங்கள் சொல்லும் 2010 கட்டுரை லான்செட் தொற்றுநோய் இதழில் வந்தது. அதன் முதல் ஆசிரியர் கார்த்திகேயன் குமாரசாமி, சென்னைப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர். அதே நொதி உள்ள கிருமிகள் சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37, இந்தியா பாகிஸ்தானின் மற்ற இடங்களில் 73 என்று அதில் பதிவானது. நம் லேப்களில் இருந்தே வந்த கிருமிகள்.

அடுத்த வருஷமே டெல்லியில் குழாய்த் தண்ணீரையும் தெருவில் தேங்கிய கசிவுநீரையும் எடுத்துப் பார்த்தார்கள். குழாய்த் தண்ணீர் 50 மாதிரியில் 2, கசிவுநீர் 171ல் 51 மாதிரிகளில் அந்த மரபணு இருந்தது. அப்போது நம் அரசாங்கம் பெயருக்காகச் சண்டை போட்டது. தண்ணீருக்காகவும் அதே வேகத்தில் போட்டிருக்கலாம்.

2012 ஆகஸ்டில் சென்னையில் இந்திய மருத்துவச் சங்கங்கள் கூடி 'சென்னைப் பிரகடனம்' என்று ஒன்றை வெளியிட்டார்கள். டாக்டர் சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் விற்பதைப் படிப்படியாகக் கட்டுப்படுத்த வேண்டும் என்று அதில் கேட்டிருந்தார்கள். கேட்டவர்கள் பெரும்பாலும் இங்கேயே வேலை பார்க்கிற டாக்டர்கள்.

மாத்திரைமணி | திருச்சி பக்கம் | ஞாயிறு, காலை 11:04

கடை என்று பேச்சு வந்துவிட்டதால் கடைக்காரனும் பேசுகிறேன். மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன், டி.பார்ம் படித்தவன்.

காலையில் ஷட்டர் தூக்கியதும் வருகிற முதல் ஆள் கேட்பது, 'அண்ணே, காய்ச்சல், உடம்பு வலி, ஒரு செட் குடுங்க.' செட் என்றால் தெரியாதவர்களுக்கு: அட்டையிலிருந்து வெட்டியெடுத்த நாலைந்து வகை மாத்திரை, காகிதத்தில் மடித்து, மூன்று வேளைக்கு. ஒரு பாராசிட்டமால், ஒரு சளி மாத்திரை, ஒரு கேஸ் மாத்திரை, ஒரு அசித்ரோமைசினோ சிப்ரோவோ, சில கடைகளில் 'உடனே கேட்கணும்' என்பதற்காக ஒரு டெக்சாமெத்தசோன். ஸ்டீராய்டு போனதும் வலி பறந்துவிடும். கடைக்காரருக்குக் கைராசிக்காரர் என்று பெயர் வரும். வைரஸ் காய்ச்சலுக்கு அந்த அசித்ரோமைசின் ஒன்றும் செய்யாது என்று எனக்குத் தெரியும். கொடுக்க மாட்டேன் என்றால் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிற கடைக்குப் போவார், நாளையிலிருந்து சோப்புகூட அங்கேதான் வாங்குவார்.

சட்டம் இருக்கிறது. 2014 மார்ச் 1 முதல் ஹெச்1 அட்டவணை, அதாவது கூடுதல் கட்டுப்பாடு உள்ள மருந்துகளின் பட்டியல், அமலில் இருக்கிறது. தொடங்கும்போது 46 மருந்துகள். மூன்றாம் நான்காம் தலைமுறை செஃபலோஸ்போரின்கள், கார்பாபெனம்கள், காசநோய் மருந்துகள் எல்லாம் அதில் உண்டு. டாக்டர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாம் தனி ரிஜிஸ்டரில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். 2016ல் 'சிவப்புக் கோடு' பிரசாரம் வந்தது, அட்டையின் பின்பக்கம் சிவப்பாக ஒரு கோடு இருந்தால் சீட்டில்லாமல் வாங்காதே என்று. என் கடைக்கு வருகிறவர்களில் அந்தக் கோட்டைப் பற்றி விசாரித்தவர் ஒருவர்கூட இல்லை. நாங்கள் அட்டையை வெட்டித்தானே கொடுக்கிறோம், கோடு எங்கே முழுசாகத் தெரியப்போகிறது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். எங்கள் மேல் பாய்கிறீர்களே, எம்பிபிஎஸ் படிக்காமலே ஊசி போடுகிறவர்கள் இருக்கிறார்கள். படித்த டாக்டர்களிலும் முதல் நாள் காய்ச்சலுக்கே செஃபிக்சிம் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சீட்டுக்கு நான் மருந்து கொடுத்தால் சட்டப்படி எல்லாம் சரி. கிருமிக்குச் சீட்டு இருப்பதும் இல்லாததும் தெரியுமா?

சாரம்கட்டி | ஞாயிறு, பகல் 1:20

சென்ட்ரிங் வேலை. மேலே அண்ணன் சொன்ன செட் வாங்குகிற ஆள் நான்தான்.

ஆர்வமாக வாங்குவதில்லை. அரசு ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம், அதை மறுக்கவில்லை. ஆனால் ஓபி சீட்டு காலையில். வரிசையில் நின்றால் அன்றைய கூலி போச்சு. தனியார் டாக்டர் ஃபீஸ், அவர் எழுதும் டெஸ்ட், மருந்து எல்லாம் சேர்த்தால் இரண்டு நாள் கூலி. செட் ஐம்பது அறுபது ரூபாய். மறுநாள் சாரத்தில் ஏறியாக வேண்டும். டாக்டரைப் பார்க்காமல் மாத்திரை சாப்பிடாதே என்று டிவியில் சொல்கிறவர் சாயங்காலம் ஏழு மணிக்கு எந்த டாக்டர் காசில்லாமல் பார்ப்பார் என்றும் சொல்லிவிட்டுப் போகட்டும்.

ராத்திரி டூட்டி | ஞாயிறு, பகல் 2:10

இதற்கு என்னிடம் பதில் இல்லை அண்ணே. மாலை நேர ஓபி எல்லா ஊரிலும் வந்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

கடையைப் பொறுத்தவரை கேரளாவைப் பாருங்கள். 2018லேயே மாநிலத்துக்கென்று தனிச் செயல்திட்டம் போட்டார்கள். 2024 தொடக்கத்தில் 'ஆபரேஷன் அம்ரித்' என்று மெடிக்கல் ஷாப்களில் திடீர்ச் சோதனை ஆரம்பித்தார்கள். சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் கொடுத்தால் லைசென்ஸ் வரைக்கும் நடவடிக்கை. ஆன்டிபயாடிக்கை நீல நிறக் கவரில் போட்டுக் கொடுக்கும் பழக்கமும் வந்தது. மணி சார் சொன்ன 'அடுத்த கடைக்குப் போவார்' சிக்கல், எல்லாக் கடைக்கும் ஒரே நாளில் கிடுக்கிப்பிடி போட்டால்தான் தீரும்.

மாத்திரைமணி | ஞாயிறு, பகல் 2:25

அதைத்தான் நானும் சொல்கிறேன் டாக்டர். எல்லாருக்கும் போட்டால் எனக்குச் சந்தோஷம். எனக்கு மட்டும் போட்டால் கடையை மூட வேண்டியதுதான்.

வடதிசை | ஒஸ்லோ | ஞாயிறு, மாலை 6:48

வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே முதியோர் இல்லத்தில் தாதியாக வேலை செய்கிறேன்.

விடுமுறையில் ஊருக்குப் போய் அங்கே ஆஸ்பத்திரியில் படுத்தாலோ, ஒரு பல்லுப் பிடுங்கினாலோ, திரும்பி வேலைக்குப் போக முதல் மூக்கு, தொண்டையிலே குச்சி விட்டு எம்ஆர்எஸ்ஏ எண்ட மருந்துக்கு அடங்காத கிருமி இருக்கோ எண்டு சோதனை செய்ய வேணும். நோர்வே, ஸ்வீடன் போன்ற நோர்டிக் நாடுகளுக்கு வெளியே கடந்த 12 மாதத்துக்குள் வைத்தியம் பார்த்த எல்லாச் சுகாதார ஊழியருக்கும் இது விதி. முடிவு வரும் வரைக்கும் நோயாளியைத் தொட முடியாது. முதல் தரம் எனக்குக் கோபம்தான் வந்தது, எங்கட நாட்டை அழுக்கு எண்டு நினைக்கிறாங்களோ எண்டு. பிறகு பார்த்தால் வெள்ளைக்கார டொக்டருக்கும் அதே சோதனைதான்.

காய்ச்சல், தொண்டை நோவு எண்டு போனால் இங்கே டொக்டர் விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்து, தொற்று எவ்வளவு கடுமை எண்டு காட்டும் சிஆர்பி சோதனை பார்த்துவிட்டு, 'வைரஸ், வீட்டுக்குப் போய் ஓய்வெடுங்கோ' எண்டு அனுப்பிவிடுவார். எங்கட சனம் 'இஞ்ச டொக்டர்மாருக்கு ஒண்டும் தெரியாது' எண்டு ஊரிலிருந்து வரும் ஆட்களிடம் அமொக்சிசிலின் சொல்லி அனுப்பி எடுத்து, ஃபிரிட்ஜுக்கு மேலே ஒரு டப்பாவில் வைத்திருக்கும். இது ஊர்ப் பழக்கம், நாடு மாறினாலும் போகவில்லை.

கோழிக்கூண்டு | பல்லடம் | ஞாயிறு, இரவு 9:15

எல்லாரும் கடைசியில் கோழிப்பண்ணைக்கு வந்து நிற்பீர்கள், அதனால் நானே வந்துவிட்டேன். பிராய்லர் வளர்க்கிறேன். குஞ்சு கம்பெனியுடையது, தீவனம் கம்பெனியுடையது, மருந்தும் கம்பெனி சூப்பர்வைசர் கொண்டுவருவது. எனக்குக் கிடைப்பது கிலோவுக்கு வளர்ப்புக் கூலி. தீவன மூட்டையில் என்ன கலந்திருக்கிறது என்று எனக்குத் தெரியாது. தண்ணீர் டேங்கில் இந்தப் பவுடரைக் கலக்கு என்றால் கலக்குவேன். ஒரு ஷெட்டில் நூறு கோழிக்குச் சளி பிடித்தால் மீதி ஐயாயிரத்துக்கும் சேர்த்துத்தான் மருந்து, தனித்தனியாகப் பிடித்துக் கொடுக்க முடியாது.

நுண்ணோக்கி | ஞாயிறு, இரவு 10:02

அண்ணா, நீங்கள் சொன்னதில்தான் விஷயமே இருக்கிறது. நோய் வந்த கோழிக்கு மருந்து கொடுப்பதை யாரும் தப்பு சொல்லவில்லை. நோயே இல்லாத கோழிக்கு எடை கூடுவதற்காகத் தீவனத்தில் தினமும் கொஞ்சம் கலப்பதுதான் சிக்கல். கிருமியைக் கொல்லப் போதாத அளவு தினசரி கிடைத்தால், தாக்குப்பிடிக்கிற கிருமி மட்டும் பெருகும்.

கோலிஸ்டின் கதை தெரிந்திருக்கும். சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று டாக்டர்கள் ஒதுக்கி வைத்த பழைய மருந்து. கார்பாபெனமும் வேலை செய்யாத நோயாளிகளுக்கு வேறு வழியில்லாமல் அதைத் திரும்ப எடுத்தார்கள். ஐசியூவில் ஒரு உயிரைக் காப்பாற்ற அதை எண்ணி எண்ணிப் போடுகிறபோது, பண்ணையில் அதே மருந்து மூட்டைக்கணக்கில் போய்க்கொண்டிருந்தது. 2015ல் சீனாவில் பன்றிகளிடமும் இறைச்சியிலும் நோயாளிகளிடமும் எம்சிஆர்-1 என்ற மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். கோலிஸ்டின் எதிர்ப்பு பிளாஸ்மிடில் ஏறிக் கைமாறத் தொடங்கிவிட்டது என்று அதில்தான் முதலில் தெரிந்தது. இந்தியாவில் 2019 ஜூலையில் உணவுக்கான கால்நடை, கோழி, மீன் வளர்ப்புக்குக் கோலிஸ்டினைத் தயாரிக்கவும் விற்கவும் தடை வந்தது.

சந்தேகப்பிராணி | ஞாயிறு, இரவு 10:20

கோழியை நிறுத்திவிட்டால் சரியாகிவிடுமா? நான் சைவம்.

நுண்ணோக்கி | ஞாயிறு, இரவு 10:33

கோழி எச்சம் உரமாகக் கீரைப் பாத்திக்குத்தான் போகிறது சார். அதோடு மருந்துக் கம்பெனிக் கழிவும் இருக்கிறது. ஹைதராபாத் பக்கத்தில் பட்டான்செருவில் பல மருந்து ஆலைகளின் கழிவைச் சுத்திகரிக்கும் நிலையம் ஒன்றிலிருந்து வெளியேறிய தண்ணீரை ஸ்வீடன் ஆய்வாளர்கள் சோதித்து 2007ல் எழுதினார்கள். லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின். மருந்து சாப்பிட்ட மனிதரின் ரத்தத்தில் இருக்கும் அளவைவிட அதிகம், அதுவும் 'சுத்திகரித்த' தண்ணீரில். அதில் வாழப் பழகும் கிருமிக்கு நம் மாத்திரை எம்மாத்திரம்?

வடதிசை | ஞாயிறு, இரவு 11:10

கோழிக்கூண்டு அண்ணைக்கு ஒண்டு சொல்ல வேணும். நோர்வேயில் சால்மன் வளர்ப்பு பெரிய தொழில். 1987ல் மீனுக்கு வருஷத்துக்கு 50 தொன் அளவிலே அன்ரிபயோட்டிக் பாவித்தவை. பிறகு தடுப்பூசி கண்டுபிடித்து, குஞ்சு மீன் ஒவ்வொன்றுக்கும் ஊசி போடத் தொடங்கினார்கள். இப்ப மீன் பல மடங்கு கூட, மருந்து வருஷத்துக்கு ஒரு தொன்னுக்கும் குறைவு.

கோழிக்கூண்டு | திங்கள், காலை 6:05

மீனுக்கு ஊசியா! இங்கேயும் ராணிக்கெட்டுக்கு, கம்போராவுக்குத் தடுப்பு மருந்து உண்டுதான். அதெல்லாம் வைரஸ் நோய்க்கு. சளிக்கும் கழிச்சலுக்கும்தான் பவுடர் வருகிறது. கூட்டம் குறைத்து, தரையில் போடும் தேங்காய் நார்த்தூளைக் காயவைத்துப் புரட்டிவிட்டாலே பாதிச் சளி வராது, அனுபவம். ஆனால் கூட்டம் குறைத்தால் கூலி குறையும்.

மூலிகைத்தோட்டம் | திங்கள், காலை 8:30

என்னை எல்லாரும் கேலி செய்தீர்கள். மாட்டுக்கு மடிநோய் வந்தால் சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்துப் பூசச் சொல்லிக் கொடுத்தது நம் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம். தேசிய பால்வள வாரியமே அதை ஊர் ஊராகச் சொல்லிக்கொடுக்கிறது. மடிக்குள் ஊசி மருந்து ஏற்றினால் அந்தப் பாலைச் சில நாள் கீழே கொட்ட வேண்டும். எத்தனை பேர் கொட்டுகிறார்கள்? சொசைட்டிக்குத்தான் போகிறது.

ராத்திரி டூட்டி | திங்கள், காலை 9:00

இது நல்ல பதிவு ஐயா, கேலி செய்யவில்லை. மாட்டு மடிக்குச் சரி. மனிதருக்கு ரத்தத்தில் கிருமி ஏறினால் மட்டும் என்னிடம் அனுப்பிவிடுங்கள்.

பாபநாசம்பஸ் | திங்கள், காலை 10:15

அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. இப்போது ஒரு சந்தேகம். 'கோர்ஸை முழுசாக முடி, இல்லாவிட்டால் கிருமி பழகிவிடும்' என்றுதான் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். வார்டில் ஒரு இளம் டாக்டர் 'ஏழு நாள் போதும், நீட்ட வேண்டாம்' என்கிறார். எது சரி?

ராத்திரி டூட்டி | திங்கள், பகல் 12:40

ஃப்ளெமிங்கே 1945ல் நோபல் உரையில் மருந்தைக் குறைவாகச் சாப்பிட்டால் கிருமி பழகிவிடும் என்று எச்சரித்தார். அந்தப் பேச்சு நிலைத்துவிட்டது. ஆனால் பத்து நாள், பதினான்கு நாள் என்ற கணக்குக்கெல்லாம் பல நோய்களில் பெரிய ஆதாரம் கிடையாது. 2017ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் சிலர் இதையே எழுதி ஒரு வாதம் கிளம்பியது. தேவைக்கு மேல் சாப்பிடுகிற ஒவ்வொரு நாளும் உங்கள் குடலில் இருக்கும் மற்ற கிருமிகளில் எதிர்ப்புள்ளவை மட்டும் மிஞ்சும். சிறுநீரகத் தொற்றுக்குப் பல பேருக்கு 7 நாள் போதும் என்று இப்போது ஆய்வுகள் இருக்கின்றன. உங்கள் அம்மாவைப் பார்க்கிற டாக்டர் சொல்லும் கணக்குதான் கணக்கு. நீங்களாகக் குறைக்காதீர்கள், நீங்களாக நீட்டவும் வேண்டாம்.

காசநோயை இதில் சேர்க்கவே கூடாது. அங்கே பாதியில் விட்டால் மருந்துக்கு அடங்காத காசநோய் வரும், இதில் வாதமே இல்லை. வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டுக் காசநோயைக் குணப்படுத்தலாம், சானடோரியம் தேவையில்லை என்று உலகத்துக்குக் காட்டியது 1956ல் தொடங்கிய சென்னை ஆராய்ச்சிதான். ஆஸ்பத்திரியில் இருந்தாலும் வீட்டில் இருந்தாலும் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுவதுதான் முக்கியம் என்று அதில் தெரிந்தது. மருந்துக்கு அடங்காத வகைக்கு முன்பெல்லாம் ஒன்றரை இரண்டு வருஷம் மருந்து, மாதக்கணக்கில் ஊசி. காது கேட்காமல் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். இப்போது பெடாகுவிலின் சேர்ந்த ஆறு மாத மாத்திரை வந்திருக்கிறது. அதையும் கெடுத்துக்கொண்டால் கையில் அதிகம் மிச்சமில்லை.

சந்தேகப்பிராணி | திங்கள், பகல் 1:15

புது மருந்து கண்டுபிடித்தால் முடிந்தது. விஞ்ஞானம் எதற்கு இருக்கிறது?

மாத்திரைமணி | திங்கள், பகல் 3:00

கண்டுபிடித்தால் விற்க முடியாதே சார். சர்க்கரை மாத்திரை என்றால் ஆயுசு பூராவும் சாப்பிடுவார். புது ஆன்டிபயாடிக் என்றால் பூட்டி வை, கடைசி ஆளுக்கு மட்டும் கொடு என்பார்கள். அமெரிக்காவில் அகாவ்ஜன் என்ற கம்பெனிக்கு 2018ல் பிளாசோமைசினுக்கு அனுமதி கிடைத்தது, 2019ல் கம்பெனி திவால்.

நம்மூருக்கும் ஒரு பெருமை இருக்கிறது. என்மெட்டாசோபாக்டம் என்ற மூலக்கூறைக் கண்டுபிடித்தது சென்னையின் ஆர்க்கிட் நிறுவனம். செஃபிபைமோடு சேர்த்து 2024 பிப்ரவரியில் அமெரிக்க அனுமதி கிடைத்தது. அம்மாவின் ரிப்போர்ட்டில் இருக்கும் அதே ஈஎஸ்பிஎல் நொதியை முடக்குவதுதான் அதன் வேலை. தயவுசெய்து அதையும் செட்டில் போட்டுவிடாதீர்கள் என்று என் சக கடைக்காரர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

நுண்ணோக்கி | திங்கள், இரவு 9:20

லேபில் உட்கார்ந்து பார்க்கிறவளாக ஒன்று சொல்கிறேன். ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) கண்காணிப்பில், கார்பாபெனம் வகையான இமிபெனத்துக்குக் கட்டுப்பட்ட ஈ.கோலை 2017ல் சுமார் 81 சதவீதம். 2023ல் சுமார் 63. இது பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு வரும் கடுமையான நோயாளிகளின் கணக்கு, ஊரில் எல்லாருக்கும் இதே நிலை என்று நினைக்க வேண்டாம். ஆனால் எந்தப் பக்கம் போகிறது என்று தெரிகிறது. உலகக் கணக்கில் 2019ல் மட்டும் மருந்து கேட்காத பாக்டீரியாத் தொற்று நேரடியாக 12.7 லட்சம் பேரின் உயிரை எடுத்தது என்று லான்செட்டில் வந்தது. சிசேரியன், புற்றுநோய்க்குக் கீமோ, சிறுநீரக மாற்று, குறைப்பிரசவக் குழந்தைக்கு வைத்தியம், எல்லாமே ஆன்டிபயாடிக் வேலை செய்யும் என்ற நம்பிக்கையில்தான் நடக்கின்றன. எங்கள் லேபுக்கு வரும் ரிப்போர்ட்களில் என்னைத் தூங்கவிடாதவை பச்சைக் குழந்தைகளின் ரத்தக் கல்ச்சர்கள்தான். பிறந்த சில நாளில் அந்தக் குழந்தை எந்த மாத்திரையைத் தப்பாகச் சாப்பிட்டிருக்கும்? வார்டிலிருந்து, கையிலிருந்து, சிங்க்கிலிருந்து போன கிருமி அது.

அதனால்தான் 'மக்கள் கண்டபடி மாத்திரை சாப்பிடுகிறார்கள்' என்று மட்டும் சொல்லி முடிப்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. எதிர்ப்பு உருவாவதற்கு மாத்திரை காரணம். அது ஊரெல்லாம் பரவுவதற்குச் சாக்கடையும் கழுவாத கையும் காரணம். குளோரின் கலந்த தண்ணீர், மூடிய சாக்கடை, வார்டில் ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்குப் போகும் முன் கையில் ஸ்பிரிட், டைபாய்டுக்குத் தடுப்பூசி. இதற்கெல்லாம் ஒரு புது மூலக்கூறும் வேண்டாம். பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் 2016ல் கிளம்பிய டைபாய்டுக்கு மாத்திரையில் அசித்ரோமைசின் ஒன்றுதான் மிச்சமிருந்தது. அங்கே 2019ல் குழந்தைகளுக்குப் புதிய தடுப்பூசியைப் பெரிய அளவில் போட ஆரம்பித்தார்கள். அந்தத் தடுப்பூசியைத் தயாரிப்பது ஹைதராபாத். நம்மூரில் எத்தனை பெற்றோர் அதைப் போட்டிருக்கிறார்கள் என்று விசாரித்துப் பாருங்கள்.

சாரம்கட்டி | திங்கள், இரவு 9:45

எங்கள் ஷெட்டில் முப்பது பேருக்கு இரண்டு கக்கூஸ். கை கழுவத் தண்ணீர் லாரியில் வருகிறது. அக்கா சொன்னதை மேஸ்திரியிடம் காட்டுகிறேன், கான்ட்ராக்டர் வரை போகுமா தெரியவில்லை.

கோழிக்கூண்டு | செவ்வாய், காலை 6:20

நுண்ணோக்கி அக்காவிடம் ஒரு கேள்வி. மனுஷருக்குக் கல்ச்சர் பார்த்து மருந்து போடுகிற மாதிரி கோழிக்கும் பார்க்க முடியுமா? இந்த பேட்சில் போன பவுடர் கேட்கவில்லை, சூப்பர்வைசர் இன்னும் 'பவரானது' கொண்டுவருகிறேன் என்கிறார்.

நுண்ணோக்கி | செவ்வாய், காலை 7:55

முடியும் அண்ணா. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் கோழி நோய்ச் சோதனை நடக்கிறது. போகும் முன் போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். புதிதாகச் செத்ததும், சாகக் கிடப்பதுமாகச் சில கோழிகளைக் கொண்டுபோங்கள். பழையது அழுகிவிட்டால் வேறு கிருமிதான் வளரும். ஐஸ் பெட்டியில் வைக்கலாம், ஃப்ரீசரில் வைக்க வேண்டாம். முக்கியமாக, அடுத்த பவுடரைத் தண்ணீரில் கலக்குவதற்கு முன்னால் எடுத்துப் போங்கள். கலந்த பிறகு கிருமி சரியாக வளராது. என்னென்ன மருந்து ஏற்கெனவே கொடுத்தீர்கள் என்று சூப்பர்வைசரிடம் பெயர் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், லேபில் முதல் கேள்வி அதுதான்.

கோழிக்கூண்டு | செவ்வாய், காலை 8:10

பெயர் கேட்டேன். 'அதெல்லாம் உனக்கு எதற்கு' என்றார். காலி டப்பா குப்பையில் கிடக்கிறது, லேபிளைப் போட்டோ எடுத்துக்கொண்டு நாளைக் காலை கிளம்புகிறேன்.